நான் ‘வேண்டாம்’ என்றதற்குக் காரணம் ஒரு கல்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

உங்கள் வருங்கால மருமகளின் தகப்பன், கண்ணாடிக்கடைக்காரன், பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ‘சம்பந்தி அவர்களுக்கு’ என்றுதான் முதலில் தொடங்கினேன். என் மனைவி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “அவங்க இன்னும் சம்பந்தியா இல்லையான்னே தெரியல. நீங்க எழுதிட்டா ஆயிடுவாங்களா?” என்றாள். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ‘ஐயா’ என்று மாற்றியிருக்கிறேன். அடுத்த வரியிலேயே ‘வருங்கால மருமகள்’ என்று எழுதியதை அவள் கவனிக்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும். தாங்களும் தங்கள் துணைவியாரும் மகனும், தங்கள் டிரைவிங் ஸ்கூலும் அதன் கார்களும் நலமாக இருக்க வேண்டும். இங்கு நாங்களும் நலமே என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் நான் நலமாக இல்லை என்பதை உங்களுக்கு நிரூபிப்பதற்காகவே இந்தக் கடிதம் என்பதால் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுகிறேன்.

முதலில் அவசரமான விஷயம். உங்கள் வீட்டு மாடிக் குளியலறை ஜன்னல் விளிம்பில் ஒரு புது எவர்சில்வர் டீ வடிகட்டி இருக்கும். அது என்னுடையது. பார்ப்பதற்குப் பளபளவென்று இருக்கும், அந்தப் பளபளப்பை நம்ப வேண்டாம். யாரும் அதை எடுத்துச் சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டாம். ஏற்கெனவே கொண்டுபோயிருந்தால் அதில் டீ வடிகட்ட வேண்டாம். வடிகட்டிக் குடித்தும் ஆகிவிட்டதென்றால், தயவுசெய்து காரணம் கேட்காமல் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். கடிதத்தைப் படிக்கப் படிக்கக் காரணம் தானாகவே தெரிந்துவிடும். என் கவலையே அதுதான்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கூப்பிட்டேன். முதல் தடவை நீங்கள் எடுத்து, “ரிவர்ஸ்ல இருக்கோம், அப்புறம் பேசலாம்” என்று வைத்துவிட்டீர்கள். அடுத்த தடவை எடுக்கவே இல்லை. பிறகு என் கல்லைப் பற்றி மகள் வழியாகக் கேள்விப்பட்ட நீங்கள் உங்கள் மகனிடம் சொல்லி, அவர் என் மகளிடம் சொல்லி, அவள் அவளுடைய அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் வந்து சொன்ன சேதி இது: “கல்லாம். என்கிட்ட டெஸ்ட்ல ஃபெயிலான ஆளுங்க எல்லாருமே வயித்துவலின்னுதான் சொல்லியிருக்காங்க. பொண்ணு கொடுக்க இஷ்டம் இல்லன்னா முகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போகலாமே.” ஐயா, நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை. உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் இதைவிடக் காட்டமாகவே சொல்லியிருப்பேன். ஆனால் என் நிலைமை என்ன தெரியுமா? உங்கள் வீட்டுக்கு வந்துபோன அன்றிலிருந்து என் மகள் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, “அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளும்மா” என்கிறாள். உங்கள் மகனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடித்திருக்கிறது. இது என் ஒருவனால் கெட்டுப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் ஒரு சம்பந்தியிடம் எதையெல்லாம் பேசக் கூடாதோ அதையெல்லாம் வரிசையாக எழுதப் போகிறேன். பக்கத்தில் பெண்கள் இருந்தால் சத்தமாகப் படிக்க வேண்டாம்.

இது முதலில் கடையில்தான் ஆரம்பித்தது. ஒரு தையற்காரருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். அவர் விளக்கு அணைத்த அறையில் எழுத்துப் பலகையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், நான் அவருக்குப் பின்னால் நிற்கிறேன். “கடைசி வரியைப் படிங்க” என்று சொல்லி வாயை மூடவில்லை, வலது விலாவுக்குக் கீழே யாரோ உள்ளிருந்து திருப்புளி வைத்துத் திருகுவது போல ஒரு வலி. “ஐயோ” என்றேன். தையற்காரர், தான் தப்பாகப் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு எழுத்தை மாற்றிச் சொன்னார். நான் மறுபடி “அம்மா” என்றேன். அவர் மறுபடி மாற்றினார். வலி முதுகிலிருந்து சுற்றிக்கொண்டு அடிவயிற்றுக்கு இறங்க இறங்க நான் முனகுகிறேன், அவர் பாவம் ஒழுங்காகத் தெரிகிற எழுத்தையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் மேலே உள்ளங்கையளவு இருக்கிற முதல் எழுத்தைக்கூடச் சந்தேகத்தோடு சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். நான் நாலு காலில் தவழ்ந்து வெளியே போவதைப் பார்த்துவிட்டு, “அவ்வளவு மோசமாவா சார் படிச்சேன்?” என்று கேட்டார். அவருக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

கடையில் கண்ணாடி தேய்க்கிறவர் என் மனைவிக்குப் போன் செய்தார். அவள் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். நாள் முழுக்க அடைப்பும் கசிவும் கேட்டுக் கேட்டு அவளுக்குக் குரலே அப்படி ஆகிவிட்டது. ஆட்டோவில் என்னைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு போகும்போது, “எப்பலேர்ந்து இருக்கு? சுத்தமா நின்னுடுச்சா, சொட்டு சொட்டா வருதா? கலங்கலா வருதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஆட்டோக்காரர் தன் தெருவிலும் தண்ணீர் வரவில்லை என்று அவளிடம் ஒரு புகார் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டாள்.

மருத்துவமனையில் வலிக்கு ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்து, சிறுநீரகப் பிரிவு டாக்டரிடம் அனுப்பினார்கள். உள்ளே போனால் அந்தப் பெண் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தக் கண்ணாடி என் கடையில் வாங்கியது. ஐயா, என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கண்ணாடிவில்லையை வைத்து, “இது தெளிவா இருக்கா?” என்று கேட்போம். அதை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்து, “இல்ல, இது தெளிவா?” என்போம். பிறகு பழையபடி முதலாவது. பத்துப் பேரில் ஒன்பது பேர் எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். பத்தாவது ஆள், “ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு” என்று அழாக்குறையாகச் சொல்வார். இந்த டாக்டர் அந்தப் பத்தாவது ஆள். அன்று அவரை நான் விடவில்லை. இன்று அவர் என்னை விடவில்லை.

“கல்லு சிறுநீரகத்துலேர்ந்து கிளம்பி, குழாயில இறங்கி, சிறுநீர்ப்பைக்குக் கொஞ்சம் மேல மாட்டிக்கிட்டு இருக்கு. ஆறு மில்லிமீட்டர்” என்றார். “காய்ச்சல் இல்ல, சிறுநீரகமும் ஒழுங்கா வேலை செய்யுது. அதனால நீங்களே முடிவு பண்ணலாம். ஒண்ணு, காத்திருக்கலாம். தண்ணி நிறையக் குடிங்க, வலிக்கு மாத்திரை தரேன், குழாயைக் கொஞ்சம் தளர்த்தறதுக்கு ஒரு மாத்திரை தரேன். தானா போனாலும் போகும், போகாமலும் இருக்கும். ரெண்டு, வெளியிலேர்ந்து அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைக்கலாம். கத்தி கிடையாது. பொடி தானா வெளியில வரணும், சிலருக்கு ரெண்டாவது தடவையும் கொடுக்க வேண்டியிருக்கும். மூணு, சிறுநீர் போற வழியாவே மெல்லிசா ஒரு குழாய்க்கேமரா உள்ள விட்டு, லேசர்ல உடைச்சு எடுத்துடலாம். மயக்கம் கொடுப்போம். அப்புறம் கொஞ்ச நாளைக்கு உள்ள மெத்துனு ஒரு டியூப் வெச்சிருப்போம், அது லேசா உறுத்தும், பிறகு எடுத்துடுவோம்.” சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “சொல்லுங்க, இதுவா, அதுவா?” என்றார்.

“வேற ஏதாவது வழி இருக்கா டாக்டர்?”

“முதுகுல சின்னதா துளை போட்டு எடுக்கறது ஒண்ணு இருக்கு. அது பெரிய கல்லுக்கு. உங்க கல்லுக்கு அது வேண்டாம்.”

அவ்வளவு வலியைக் கொடுத்த கல்லைச் சின்னது என்று சொன்னதில் எனக்கு உள்ளூர ஒரு வருத்தம். “மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க” என்றேன். சொன்னார். “ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் என்ன வித்தியாசம்?” என்றேன். அதையும் சொன்னார். “எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கு” என்றேன். “எனக்கும் அன்னிக்கு அப்படித்தான் சார் இருந்தது” என்றார். பிறகு மனமிரங்கி, “வீட்டுல கலந்து பேசுங்க. குளிர் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்னாலோ, மாத்திரைக்கு அடங்காத வலி வந்தாலோ நேரா இங்க வந்துடுங்க, அப்ப உங்களைக் கேக்க மாட்டோம். அதுவரைக்கும் ஒவ்வொரு தடவையும் வடிகட்டிப் பாருங்க. கல்லு வந்தா எடுத்துட்டு வாங்க, என்ன வகைன்னு பார்க்கணும்” என்று அனுப்பினார். வடிகட்டி இப்படித்தான் என் வாழ்க்கையில் நுழைந்தது.

வீட்டில் கலந்து பேசியிருக்கக் கூடாது. என் மச்சினருக்கு எங்கள் வீட்டில் ‘அனுபவம்’ என்று பெயர், எதைப் பேசினாலும் “என் அனுபவத்துல” என்று ஆரம்பிப்பார். அவர் அதிர்வலை வைத்தியம் செய்துகொண்டவர். உடைந்து வந்த பொடியை ஒரு பழைய தைலப் புட்டியில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அதை மேசையில், உப்புக்குப் பக்கத்தில் வைத்து, “என் அனுபவத்துல வெளியிலேர்ந்து உடைக்கறதுதான் கௌரவம். நம்ம உடம்புக்குள்ள யாரும் வரக் கூடாது” என்றார். கடையில் கண்ணாடி தேய்க்கிறவருக்கு இதில் நேர் எதிர்க் கட்சி. “வெளியிலேர்ந்து குத்துமதிப்பா அடிக்கறது என்ன சார் வேலை? கண்ணால பார்த்து எடுக்கணும். நாம பவர் பார்க்காமலா கண்ணாடி கொடுக்கறோம்?” என்றார். இருவரும் கடை வாசலில் என் சிறுநீர்க் குழாயைப் பற்றி உரக்கச் சண்டை போட்டதில் கண்ணாடி வாங்க வந்த இரண்டு பேர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். என் மனைவி கட்சி சேரவில்லை. “அடைப்புன்னு புகார் வந்தா ஆளை அனுப்பி எடுத்துடணும். ‘பார்க்கலாம், தானா போயிடும்’னு சொன்ன எந்த அடைப்பும் தானா போனது கிடையாது” என்று அலுவலகக் குரலில் முடித்துவிட்டாள். என் மகள், உங்களுக்குத் தெரியுமே, நாய் பூனைக்கெல்லாம் டாக்டர். “பூனைக்கும் இதே கல்லு வரும்ப்பா. ஆனா பூனைகிட்ட நாங்க கேக்கறதில்ல, நாங்களே முடிவு பண்ணி எடுத்துடுவோம். அது உங்க அளவுக்குக் கத்தாது” என்றாள். அப்போது என்னிடம் நேராகப் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் காத்திருப்பதைத் தேர்ந்தெடுத்தேன். உண்மையைச் சொன்னால் தேர்ந்தெடுக்கவில்லை, மற்ற இரண்டுக்கும் வாயைத் திறந்து பெயர் சொல்ல வேண்டியிருந்தது, இதற்கு வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் குடித்தேன், போனேன், வடிகட்டினேன், மறுபடி குடித்தேன். ஒரு வாடிக்கையாளருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டு அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குள் ஓட வேண்டியிருந்தது. குழாயைத் தளர்த்துகிற மாத்திரை கூடவே என்னையும் தளர்த்தியது. சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். இந்த நிலைமையில்தான் நீங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி அழைத்தீர்கள்.

“முதல் முதலா பேசப் போற இடத்துல கல்லு, மூத்திரம்னு வாயைத் திறக்கக் கூடாது. பரம்பரை வியாதியோன்னு நினைச்சுப்பாங்க” என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மகளிடமும், உங்கள் மகனிடம் இதைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை. அதன் பலனை நீங்கள் நேரில் பார்த்தீர்கள். இப்போது ஒவ்வொன்றாக விளக்குகிறேன்.

படியேறி வந்ததும் நீங்கள் கைகூப்பினீர்கள். நான் பதிலுக்கு “பாத்ரூம் எங்க?” என்று கேட்டேன். அது திமிர் அல்ல, தண்ணீர். பிறகும் நீங்கள் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் எழுந்து போனேன். உங்கள் மகனின் படிப்பைப் பற்றி நீங்கள் சொன்னதில் நடுப்பகுதி எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் கையில் ஒரு பையோடு போனதைப் பார்த்து நீங்கள் என்ன நினைத்தீர்களோ, பைக்குள் இருந்தது வடிகட்டிதான். திரும்பி வரும்போது தள்ளாடினேன், உங்கள் தம்பி என் பக்கம் சாய்ந்து மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். அவரிடம் சொல்லுங்கள், எனக்கு அந்தப் பழக்கம் எந்தக் காலத்திலும் கிடையாது, அது மாத்திரை.

அடுத்தது சொல்லக் கூசுகிறது. நான் உங்கள் துணைவியாரைப் பார்த்துக் கண்ணடித்ததாக உங்கள் வீட்டில் ஒரு பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அம்மையார் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு மேலே சுவரில் சாலை விதிகளுக்கான படம் மாட்டியிருக்கிறது. எனக்கு மனம் நிலைகொள்ளாவிட்டால், எங்கே எழுத்து மாட்டியிருந்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்துப் பார்ப்பேன், பிறகு மற்றக் கண். இது தொழில் கொடுத்த வியாதி, இதற்கும் மருந்து இல்லை. ‘ஒலி எழுப்பாதே’ என்பதை இடது கண்ணாலும் ‘முந்தாதே’ என்பதை வலது கண்ணாலும் படித்துக்கொண்டிருந்தேன். அம்மையார் சங்கடப்பட்டு எழுந்து எதிர்ச்சுவர் ஓரம் போய் உட்கார்ந்தார். அங்கே எஞ்சின் பாகங்களின் படம் இருந்தது, இன்னும் சின்ன எழுத்தில். வலது கண் அதில் கொஞ்சம் மங்கலாக இருந்ததால் நான் அதையே வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டேன். அவர் அறையை விட்டே போனபோதுதான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அவருடைய காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கவும் தயார், விழுந்தால் எழுந்திருப்பது மட்டும் கஷ்டம்.

கடைசியாக, பெரிய குற்றம். நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்ப பேசி முடிச்சிடலாமா?” என்று கேட்டீர்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து வலி வந்துவிட்டது. வழக்கமாக விலாவில் தொடங்கிக் கீழே இறங்கும், அன்று என்னவோ நெஞ்சுக்குழியில் தொடங்கித் தொண்டைக்கு ஏறியது. புது வீடு என்பதால் கல்லுக்கும் வழி தெரியவில்லை போலிருக்கிறது. என்னை மீறி, “வேண்டாம், இப்ப வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். சொன்னது வலியிடம். நீங்கள் சம்பந்தத்தைச் சொன்னதாக எடுத்துக்கொண்டீர்கள். எழுந்து கீழே இறங்கினேன். வாசலில் நின்ற காரை நாங்கள் வந்த வாடகைக் கார் என்று நினைத்து, எந்தப் பக்கக் கதவு என்றுகூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அது உங்கள் டிரைவிங் ஸ்கூல் கார். பக்கத்தில் இருந்த உங்கள் ஆசிரியர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், “சீட்டை முன்ன தள்ளிக்கங்க, கிளட்ச்சை மிதிங்க” என்றார். அவர் குரலில் இருந்த அதிகாரத்துக்கு நான் மிதித்துவிட்டேன். அப்புறம் எங்கே இறங்குவது? பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு எழுந்து போன மனிதன் உங்கள் காரிலேயே தெருவைச் சுற்றிச் சுற்றி வருவதை நீங்கள் எல்லோரும் பால்கனியில் நின்று பார்த்திருக்கிறீர்கள். நான் கையாட்டியது திமிரால் அல்ல, இடப்பக்கம் திரும்பச் சைகை காட்டச் சொன்னார். முதல் தடவைக்குப் பரவாயில்லை என்றும் சொன்னார். ஆச்சரியம் என்னவென்றால், ஓட்டிக்கொண்டிருந்தபோது வலி போயே போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டது ஒரே கேள்வி. “வலிச்சா வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாம். வேண்டாம்னு ஏன்ப்பா சொன்னீங்க?” அதுதான் அவள் என்னிடம் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு. மறுநாளே டாக்டரிடம் போய், “மூணாவது” என்றேன். “மறுபடி முதல்லேர்ந்து சொல்லட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். மச்சினர் இதைக் கேள்விப்பட்டதும் தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு கோபித்துக்கொண்டு போய்விட்டார், கண்ணாடி தேய்க்கிறவர் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆகவே ஐயா, நாளைக்கு மருத்துவமனையில் சேர்கிறேன். கல்லை எடுத்ததும் ஒரு சிறு புட்டியில் போட்டு, பரிசோதனைக்குக் கொடுத்தது போக மீதித் துண்டை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். அதுதான் என் சாட்சி. நான் சொன்னது சாக்கு அல்ல என்று அதைப் பார்த்தாவது நம்புங்கள். டியூப் எடுத்ததும் மறுபடி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். முதலில் கைகூப்புவேன். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே இடத்தில், இரண்டு கண்களையும் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் மறுபடி அதே கேள்வியைக் கேளுங்கள். இளையவர்கள் இருவரும் ஒரு தப்பும் செய்யவில்லை. அவர்கள் நன்றாக இருக்க வேண்டும், அதற்காக நீங்களும் நானும் எவ்வளவு வேண்டுமானாலும் வளைந்து கொடுக்கலாம்.

தங்கள் துணைவியாருக்கு என் தலைதாழ்ந்த வணக்கம். தம்பிக்கு அன்பு. மகனுக்கு என் மனம் நிறைந்த ஆசிகள். காரோட்டச் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு நன்றி.

இப்படிக்கு,
சம்பந்தி ஆகக் காத்திருக்கும்
கண்ணாடிக்கடைக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு, தபாலில் சேர்க்க மறந்து, பையில் வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போய்விட்டேன். இப்போது உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளதில் வடிகட்டியைப் பற்றியதை மட்டும் நம்புங்கள். மற்றதைப் பற்றிச் சொல்கிறேன்.

லேசருக்கு முன்னால் ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கல் இல்லை. டாக்டர் திரையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “போயிடுச்சு சார். சிலருக்குத் தெரியாமலே போயிடும்” என்றார். எப்போது போனது என்று கேட்டேன். “கடைசியா எப்ப வலிச்சது?” என்று திருப்பிக் கேட்டார். உங்கள் வீட்டில் வந்ததைச் சொன்னேன். “எங்க வலிச்சது, கையை வெச்சுக் காட்டுங்க” என்றார். காட்டினேன். கை தானாக நெஞ்சில் போய் உட்கார்ந்தது. உடனே அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு இதயத்துக்கு என்னென்ன பார்க்க வேண்டுமோ அத்தனையும் பார்க்கச் செய்தார். எல்லாம் நன்றாக இருந்தது. “இதயத்துல ஒண்ணும் இல்ல. கல்லு கீழதான் சார் இறங்கும், தொண்டைக்கு ஏறாது. அன்னிக்கு வந்தது கல்லு வலி இல்ல. அங்க என்ன நடந்தது?” என்றார்.

நடந்தது இதுதான். நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சற்று முன்னால் எனக்கு விக்கல் எடுத்தது. என் மகள் எழுந்தாள். யாரையும் கேட்காமல் உங்கள் சமையலறைக்குள் போனாள். எட்டி, மேல்தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள், குழாயைத் திருகித் தண்ணீர் பிடித்தாள். ஒரு அலமாரியைக்கூடத் தேடவில்லை. விளக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அங்கே போயிருந்த உங்கள் துணைவியார் அதைப் பார்த்து ஆச்சரியப்படவும் இல்லை. நான் அந்த டம்ளரை வாங்கிக் குடித்தேன். அப்புறம் நீங்கள் “முடிச்சிடலாமா” என்று கேட்டீர்கள். நான் ‘வேண்டாம்’ என்றது அந்தக் கேள்விக்குத்தான். நீங்கள் சொன்னதே சரி, வயிற்றுவலி ஒரு சாக்கு. அது சாக்கு என்று எனக்கே தெரியாது என்பதுதான் என் தரப்பில் சொல்லக்கூடிய ஒரே நியாயம்.

இதை மகளிடம் சொல்லிவிட்டேன். மருத்துவமனை வராந்தாவில்தான். அவள் அம்மா மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தாள், நடுவில் ஆள் இல்லை. கடைசிவரை கேட்டாள். பிறகு நேராக என்னிடமே, “நான் எங்கப்பா போயிடப் போறேன்?” என்றாள். அவள் எங்கே போகப் போகிறாள் என்று இருவருக்குமே தெரியும்.

சம்பந்தி, தேதியைக் குறித்துவிடுங்கள். அன்றைக்கும் எனக்கு வலிக்கும். எழுந்து போக மாட்டேன்.